எதிர்நிரை பிடித்தவர்

இத்தனை வருடம் கூடவே குடித்தனம் நடத்துகிற மனிதரைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு அரைப் பக்கம் தேறாது. ஒரே ஒரு பகல் பழகிய அந்த அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கை பரபரக்கிறது. பெயர்கூடத் தெரியாது. கொழும்புத் துறைமுகத்தில் எங்கள் பஸ்ஸில் ஏறியதும் மைக்கைப் பிடித்துப் பெயரைச் சொன்னார். மைக் கரகரவென்று அதை விழுங்கிவிட்டது. "அக்கான்னே கூப்புடுங்க, போதும்" என்றார். அவரைவிடப் பத்து வயதாவது மூத்த நானும் அக்கா என்றேன். எங்கள் கூட்டத்திலேயே வயதான, பல் செட் வைத்த ரிட்டயர்டு தாசில்தாரும் அக்கா என்றார்.

சில வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து கிளம்பிய உல்லாசக் கப்பல் அது. என் வீட்டுக்காரரின் காலை நடைக் கோஷ்டி மொத்தமும் மனைவிமாரோடு அதில் ஏறியிருந்தது. கப்பல் கொழும்பில் ஒரு பகல் நிற்கும். அதற்குள் மலையேறிக் கண்டியைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். வராதவர்களுக்காகக் கப்பல் நிற்காது என்று ஒலிபெருக்கியில் மூன்று மொழியில் பயமுறுத்தித்தான் எங்களைக் கீழே இறக்கினார்கள். தமிழ்க் கூட்டம் வருகிறதே என்று கம்பெனிக்காரர்கள் எங்கிருந்தோ தேடிப் பிடித்து அனுப்பிய வழிகாட்டிதான் அக்கா.

குட்டை உருவம். பச்சைச் சேலை, அதன்மேல் கம்பெனியின் ஆரஞ்சு நிறக் கோட்டு, காலில் பளீரென்று வெள்ளை ஷூ. "மகன் வாங்கிக் குடுத்த சப்பாத்துங்க, எப்பிடி இருக்கு?" என்று பஸ்ஸுக்கே கேட்டார். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அக்கா செய்தது புரியாது. நான் பை காப்பவள். முழங்கால் கொஞ்சம் வலி, உடம்பு கொஞ்சம் பெரிசு. ஆனால் அது மட்டும் காரணமில்லை. கல்யாணத்துக்கு முந்தியே, "யாராவது ஒருத்தர் பையைப் பாத்துக்கணுமே" என்று யாராவது சொன்னால் எல்லாக் கண்ணும் என் பக்கம்தான் திரும்பும். நானும் "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவேன். சொல்லிச் சொல்லி நாக்கு அதற்கே பழகிவிட்டது. சோளிங்கரில் படிக்கட்டடி, தொட்டபெட்டாவில் டீக்கடை பெஞ்சு, மலைக்கோட்டையில் யானை கட்டுகிற இடத்துக்குப் பக்கம். மலை மலையாகப் போயிருக்கிறேன், ஒரு உச்சியையும் பார்த்ததில்லை. பெஞ்சுகளைப் பற்றிக் கேளுங்கள், விலாவாரியாகச் சொல்கிறேன்.

பஸ் கிளம்பியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "யாரு யாரு மெதுவா நடப்பீங்க? கை தூக்குங்க, வெக்கப்படாதீங்க" என்பதுதான். ஒரு கையும் எழவில்லை. நடைக் கோஷ்டியில் யார் ஒத்துக்கொள்வார்கள்? என் வீட்டுக்காரர்தான் உதவிக்கு வந்தார். "இவ பஸ்லயே இருந்துக்குவா. எல்லாரோட பையையும் பாத்துக்குவா. நல்லா பாத்துக்குவா" என்று என்னைக் காட்டினார். அதில் பெருமை வேறு.

அக்கா மைக்கை இறக்கிவிட்டு என் சீட்டருகே வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பையப் பாக்குறதுக்கா கடல் தாண்டி வந்தீங்கம்மா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஆனால் அவர் சிரிக்கவில்லை. "இந்த பஸ்ஸுல யாரும் பைக்குக் காவல் இருக்க வேணாம். டிரைவர் மாத்தயா பாத்துக்குவாரு" என்றார். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. தன்னைப் பற்றி ஏதோ பேச்சு என்று புரிந்து, தமிழ் தெரியாத டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

மற்ற வழிகாட்டிகள் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவார்கள். இந்த அக்கா எப்போதும் கடைசியில் வருவார். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்த பழைய பாதையைப் பார்க்க இறங்கியபோதே கவனித்தேன். எல்லோரும் போனபிறகு, எனக்கும் பின்னால், கையை வீசிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, வழிகாட்டின்னா முன்னால போக வேண்டாமா?"

"வழி ஒன்னுதாங்கய்யா இருக்கு. முன்னால போறவங்களுக்கு அது தெரியும். பின்னால நிக்கிறவங்களுக்குத்தான் தொணை வேணும்."

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தகவல் என்று பார்த்தால் அவரைப் போல மோசமான வழிகாட்டி கிடையாது. ராஜாக்களை எல்லாம் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தார். கண்டி ஏரி கண்ணில் பட்டதும் சீட்டைவிட்டே எழும்பிவிட்டார். "பாருங்க, பாருங்க! கப்பல்ல வந்தவங்களுக்குக் கண்டியிலயும் ஒரு ஹாபர்!" என்று படகுத் துறையைக் காட்டினார். மலைமேல் துறைமுகமா என்று எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஏழெட்டுப் படகுகள் ஆடிக்கொண்டிருந்தன. "யாரு வெட்டுன ஏரிம்மா?" என்று கேட்டார் தாசில்தார். "ஒரு ராசாதாங்க. ரெண்டு ராசாவாக்கூட இருக்கலாம்" என்றார் அக்கா.

என் வீட்டுக்காரர் விடுவாரா? போனைத் தடவி, கடைசி ராஜா வெட்டியது என்று ஆரம்பித்தார். அக்கா கொஞ்சமும் குன்றிப் போகவில்லை. "அப்பிடியா! நீங்களே சொல்லுங்கய்யா, எனக்கும் ஆசையா இருக்கு" என்று மைக்கையே அவர் கையில் கொடுத்துவிட்டார். அதிலிருந்து எங்கள் பஸ்ஸின் வழிகாட்டி என் வீட்டுக்காரர்தான். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தினம் பார்க்கிற ஊரை அன்றைக்குத்தான் பார்க்கிறவர் மாதிரி அக்கா "ஐயோ, ஆமாவா!" என்று வாயைப் பிளந்தார். நடிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். நடிப்பில்லை. கரும்பு தின்னக் கூலியா என்று கேட்கிற ஜாதி அது.

புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகையில் செருப்பைக் கழற்ற வேண்டும். செருப்பு வைக்கிற இடம் வந்ததும் என் கை தன்னாலே நீண்டுவிட்டது. கைப்பை, தண்ணீர் பாட்டில், தொப்பி என்று நாலைந்து பேருடைய சாமான்கள் அதில் வந்து விழுந்தன. அக்கா பின்னாலிருந்து வந்து ஒவ்வொன்றாக என் கையிலிருந்து எடுத்து, என் வீட்டுக்காரர் கழுத்தில் மாட்டினார்.

"ஐயா தூக்கிக்குவாரு. நல்ல தோளு. இல்லீங்களாய்யா?"

இத்தனை பேர் முன்னால் நல்ல தோள் என்று சொன்னபிறகு எந்த ஆண்பிள்ளை முடியாது என்பார்? பொம்மைக் கொலு மாதிரி பைகளைச் சுமந்துகொண்டு அவர் மாளிகை முழுக்கச் சுற்றினார். நான் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தேன். கையை என்ன செய்வது என்றே தெரியவில்லை. அக்கா எனக்கு ஒரு அல்லிப்பூ வாங்கிக் கொடுத்தார், "புடிங்க, இதுக்கு ஒன்னும் கனமில்ல" என்று. தனக்கும் ஒன்று வாங்கி, சிலுவையைத் தொட்டுக்கொண்டே அதைப் புத்தருக்கு வைத்தார். "கதிர்காமத்து முருகன்கிட்டயும் போவேங்க. எல்லாரு வீட்டுக்கும் போயிட்டு வரணும்" என்று சிரித்தார்.

கோஷ்டியில் முணுமுணுப்பும் இருந்தது. எலக்ட்ரிகல் கடைக்காரர் ஒருவர், நடையில் புலி. "கடைசி ஆள் வர்ற வரைக்கும் காத்திருந்தா எப்ப ஊர் பாக்கிறது?" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். கடைசி ஆள் நான்தான். எனக்குச் சுருக்கென்றது. அக்கா அவரை இழுத்து உட்கார வைத்து ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். பால் இல்லாத டீ. "குடிங்க, ஆறிரும். நீங்க குடிச்சு முடிக்கயில அம்மா வந்துருவாங்க." அவர் குடித்து முடிக்கும்போது நான் வந்துவிட்டேன்.

சாப்பாடு முடிந்து ஹந்தானை மலைக்குப் போனோம். பஸ் இதற்குமேல் போகாது என்கிற இடத்தில் நின்றது. மேலே தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. அதன் முடிவில் ஒரு மொட்டைப் பாறை. அங்கிருந்து பார்த்தால் ஊரும் ஏரியும் எதிர்மலைகளும் ஒரே வீச்சில் தெரியுமாம். கீழே ஒரு லயம், வரிசையாய் ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். "அந்தா, நீலக் கதவு. அதுலதான் நான் பொறந்தேன்" என்று காட்டினார் அக்கா. நாங்கள் ஒரு பெருமூச்சுக்குத் தயாரானோம். அவரோ, "இப்ப தங்கச்சி இருக்கு. கூரையில சோலார் போட்டிருக்கு, பாத்தீங்களா! ராத்திரி பூரா வெளிச்சம்!" என்று குதித்தார்.

ஏறுவதற்கு முன் எல்லோரையும் நிறுத்தி ஒரு சட்டம் போட்டார்.

"இந்த மலையில நான் கொழுந்து பறிச்சிருக்கேன். ஒவ்வொரு பொம்பளைக்கும் ஒரு நிரை குடுப்பாங்க. செடி வரிசைங்க அது. கீழருந்து பறிச்சுக்கிட்டே தொங்கலுக்குப் போகணும். தொங்கல்னா உச்சி. சில பேரு வெரசா முடிச்சுருவாங்க. சிலது பின்னால நிக்கும். முடிச்சவங்க தன்பாட்டுக்கு எறங்கக் கூடாது. பின்னால நிக்கிறவ நிரைய மேலருந்து எதிர்த்தாப்புல புடிச்சுப் பறிச்சுக்கிட்டு வரணும். ரெண்டு பேரும் நடுவுல முட்டிக்குவோம். முட்டிக்கிட்டா நிரை முடிஞ்சுது, எறங்கலாம். எதிர்நிரைன்னு சொல்லுவோம். நீங்களும் மேல போயி படம் புடிச்சுட்டு, எதிர்நிரை புடிச்சு வாங்க. சரிங்களா?"

எல்லோரும் சரி என்று சிரித்தார்கள். டிரைவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மேலே பனி சேர ஆரம்பித்திருந்தது. கூட்டம் விறுவிறுவென்று ஏறிற்று.

நான் பஸ் படியில் உட்கார்ந்துவிட்டேன். "நீங்க போயிட்டு வாங்கக்கா."

அக்கா என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க ஏன் உக்காந்துட்டீங்க?"

"நான் கடைசி ஆளும்மா. நீங்க போனாத்தான் உங்களுக்குப் பின்னால நான் போக முடியும். நீங்க குந்திக்கிட்டா நானும் குந்திக்கணும்." சப்பாத்தை ஆட்டிக்கொண்டே அண்ணாந்து மலையைப் பார்த்தார். "இன்னைக்கு மேல போகணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு."

எப்படிப்பட்ட கெட்டிக்காரி பாருங்கள்! எழுந்தேன்.

அட்டை ஏறாமலிருக்க என் கணுக்காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டார். சோப்பை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். சாண் ஏறினால் முழம் சறுக்குகிற பாதை. தேயிலைச் செடியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். நெஞ்சு தடதடவென்று அடித்தது. பின்னாலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது: "நிக்கலாம், அவசரமில்ல. மூச்சு வாங்குங்க. ம், இப்ப ஒரு எட்டு."

ஒரு வளைவில் நின்றபோது, கேட்காமலே சொன்னார். "இந்த எடத்துல ஒரு நாளு நானும் இப்பிடித்தான் நின்னேன். மக வயித்துல இருந்துச்சு. கால் நகரல. பேரு வெட்டிருவாங்க, அன்னைக்குக் கூலி போயிரும்னு ஒரே அழுகை. நிமிந்து பாத்தா, மேலருந்து எம்புட்டுப் பொம்பளைக எனக்கு எதிர்த்தாப்புல பறிச்சுக்கிட்டு வாறாங்க! என் கூடையே ரொம்பிருச்சு." அதைச் சொல்லும்போது துக்கமே இல்லை அவர் குரலில். நேற்று நடந்த கல்யாணத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

பாதி வழி வந்திருப்போம். கீழே பஸ் ஹார்ன் நீளமாக அடித்தது. மறுபடி அடித்தது. எனக்குக் கப்பல் நினைப்பு வந்துவிட்டது. என்னால் இத்தனை பேரும் கப்பலை விட்டுவிட்டால்?

"போதும்கா. இங்கேருந்தே பாத்துட்டேன். எல்லாரையும் இறங்கச் சொல்லுங்க."

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் வாயில் குவித்து ஒரு கூப்பாடு போட்டார். "ஏஏஏய்… எதிர்நிரை!" அந்தக் குட்டை உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல்! மலை அதை வாங்கி இன்னொரு தடவை சொல்லிற்று. மேலே தலைகள் எட்டிப் பார்த்தன. சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். முதல் ஆளாக வந்தவர் என் வீட்டுக்காரர், கழுத்தில் பைகளோடு. இத்தனை வருடத்தில் ஒரு மலையிலிருந்து என்னைத் தேடி அவர் இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை.

"முட்டிக்கிட்டோம்! நிரை முடிஞ்சுது, எறங்கலாம்" என்றார் அக்கா. எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பி இறங்கவும் ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எனக்குள் எங்கிருந்தோ கிளம்பிற்று ஒரு ஆத்திரம்.

"நான் இறங்க மாட்டேன்."

எல்லோரும் நின்றார்கள்.

"எனக்கு அந்தப் பாறை வேணும். நான் மேல போகணும்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். என் வீட்டுக்காரர், "என்ன சொல்ற நீ, கப்பல் போயிடும்" என்றார். அக்காவோ இரண்டு கையையும் தட்டிக்கொண்டு குதித்தார். "அப்பிடிச் சொல்லுங்கம்மா! இதச் சொல்ல இம்புட்டு நேரமா?" ஹார்ன் மறுபடி அடித்தது. அக்கா திரும்பி, கீழே பார்த்துச் சிங்களத்தில் நீளமாக ஏதோ கத்தினார். ஹார்ன் நின்றுவிட்டது.

"என்னக்கா சொன்னீங்க?"

"என் சோத்துப் பொட்டலம் இன்னும் பிரிக்கல, அதச் சாப்புடுங்க, பசியில அடிக்காதீங்கன்னேன்."

இறங்க வேண்டிய கூட்டம் இறங்கவில்லை. தாசில்தார் முதலில் திரும்பினார். ஒருத்தர் கையைப் பிடித்தார், ஒருத்தி இடுப்பைத் தாங்கினாள். எலக்ட்ரிகல் கடைக்காரர்தான் பின்னாலிருந்து முதுகைத் தள்ளினார். "தள்ளுங்க சார், தள்ளுங்க!" என்று நானே கத்தினேன். ஊரே சேர்ந்து தேர் இழுக்கிற மாதிரி என்னை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

பாறைமேல் ஏறி நின்று பார்த்தேன். ஒன்றுமில்லை. முழுக்கப் பனி மூடிவிட்டது. மூக்குக்கு முன்னால் வெள்ளை, காலுக்குக் கீழே வெள்ளை.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினார். "பாருங்கம்மா, பாருங்க! அங்க ஏரி. இந்தப் பக்கம் மாளிகை. அந்தா, தூரத்துல மலை, மலை!"

"எங்கக்கா?"

"அங்கதான்! எங்க போயிறப் போகுது?"

எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்து, அழுது, "ஓ"வென்று ஒரு கத்துக் கத்தினேன். மலை எனக்கும் பதில் சொன்னது. நான் பார்த்த மலை உச்சி அதுதான். வெள்ளையாக இருந்தது.

இறங்கி வந்த வேகம் இருக்கிறதே! டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். பேராதனையில் நெரிசல், கேகாலையில் மழை, கம்பெனியிலிருந்து மேலும் மேலும் போன். அக்கா அன்றைக்கு முதல் தடவையாக முன்னால் போய் நின்றார், டிரைவர் தோளருகே. "இன்னும் கொஞ்சம் மாத்தயா, இன்னும் கொஞ்சம்" என்று அவரைத் தமிழிலேயே விரட்டினார். அவருக்கும் புரிந்தது. பஸ்ஸே சீட்டு நுனியில் உட்கார்ந்து ரோட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒருவர்கூட என்னைக் குறை சொல்லவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

விளக்குப் போடுகிற நேரம் துறைமுகம் வந்து சேர்ந்தோம். கப்பல் நின்றுகொண்டிருந்தது! அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு கூட்டம் தடுப்புக் கம்பியைத் தாண்டி ஓடிற்று. வழக்கம்போல நான் கடைசி. நாலு எட்டு வைத்த பிறகுதான் முதுகுக்குப் பின்னால் என்னவோ குறைந்த மாதிரி இருந்தது. "அவசரமில்ல, மூச்சு வாங்குங்க" என்கிற குரல் இல்லை. திரும்பிப் பார்த்தேன்.

அக்காவுக்கு உள்ளே வர அனுமதி இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சுக் கோட்டோடு கை காட்டிக்கொண்டு நின்றார். கூட்டத்தில் அவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. காலையிலிருந்து எங்கள் எல்லோருக்கும் கடைசியில் நடந்தவர், அங்கேயும் கடைசியாக நின்றுகொண்டிருந்தார்.

நான் திரும்பி நடந்தேன். "மேடம், அந்தப் பக்கம் இல்லை, கப்பல் இந்தப் பக்கம்" என்று அதிகாரி கத்தினார். முழங்கால் விண்ணென்று தெறித்தது.

"என்னம்மா, எதையாச்சும் விட்டுட்டீங்களா?" என்று அக்கா பதறினார்.

"எதிர்நிரை" என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் தடதடவென்று சத்தம். பைகளோடு என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் தாசில்தார், எலக்ட்ரிகல் கடைக்காரர், அத்தனை பேரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அக்கா சிலுவையைப் பிடித்துக்கொண்டார். நான் கம்பிக்கு மேலே குனிந்தேன், அவர் எம்பினார். நெற்றியும் நெற்றியும் முட்டிக்கொண்டன.

"சரிம்மா" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நிரை முடிஞ்சுது, எறங்குங்க."